ஸ்காபரோவில் ஒரு எங்கடின்காரி

என் மகள் தர்சினி கல்யாணம் கட்டி ரொறொன்ரோவுக்குப் போனபிறகு, நான் அவளைப் பார்க்கப் போனது இந்த ஏப்ரலில்தான். "வந்து பாருங்கோ அம்மா, பிடிச்சா இஞ்சயே நிண்டிடுங்கோ" என்று ஒவ்வொரு ஞாயிறும் தொலைபேசியில் சொல்லுவாள். அவளுடைய அப்பா காலமான பிறகு நான் தனியாக இருப்பது அவளுக்குப் பிடிக்கவில்லை.

நான் இருப்பது சுவிற்சர்லாந்தின் ஒரு மூலையில். றைன் ஆறு இன்னும் ஆறாகாமல் ஓடையாகக் குதித்துவருகிற சுர்செல்வா என்னும் மலைப் பள்ளத்தாக்கு. அகதிகளாக வந்தபோது எங்களை அங்கே கொண்டுபோய் விட்டார்கள். ஊரில் நாங்கள்தான் ஒரே தமிழ்க் குடும்பம். நான் கத்தோலிக்கத் துறவிகளின் மடத்துச் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்தேன். தர்சினி பள்ளிக்கூடம் போனாள். அங்கே பாடம் ஜேர்மனில் அல்ல, றொமான்ஷில். றோமாபுரிச் சிப்பாய்கள் விட்டுப்போன லத்தீன், மலைக்குள் அகப்பட்டுத் தன்பாட்டில் வளர்ந்த மொழி அது. தர்சினி வாசலுக்கு வெளியே றொமான்ஷும் உள்ளே தமிழும் பேசி வளர்ந்தாள். கோபம் வந்தால் மட்டும் வீட்டுக்குள்ளேயும் றொமான்ஷ்தான்.

விமான நிலையத்தில் என்னைக் கட்டிப்பிடித்தபோது தமிழில்தான் அழுதாள்.

ஸ்காபரோவின் ரூஜ் பகுதியில் அவர்களுடைய வீடு. புதிய வீடுகள், ஒரே அச்சில் வார்த்தமாதிரி. மருமகன் பிரதீபனுக்குப் பிறம்ரனில் ஒரு லொறிக் கொம்பனியில் வேலை. விடிய முதலே காரை எடுத்துவிடுவான். முதல் நாள் காலை மேசையில் இடியப்பம், சொதி, சம்பல். "நான் அவிக்கேல்லை அம்மா, கடையில வாங்கினது" என்றாள் தர்சினி. எங்கள் மலையில் எனக்கு ஒரு தேங்காய் வேண்டுமென்றால் ரயிலில் கூர் நகரத்துக்கு இறங்க வேண்டும். இங்கே கடையில் தேங்காய்ப்பூவைத் திருவியே விற்கிறார்கள். சவர்க்காரம் வாங்கப் போனாலும் தமிழ், பல்லுப் பிடுங்கப் போனாலும் தமிழ். ஆசைதீரத் தின்றேன், ஆசைதீரக் கதைத்தேன். சில நாளில் ஆசை தீர்ந்தே விட்டது. காலையில் யன்னலைத் திறந்தால் மலை இல்லை. வானம் தரைவரை இறங்கி வந்து நின்றது. அதை எங்கே சாத்திவைப்பதென்று தெரியாததுபோல் எனக்கொரு அந்தரம்.

பஸ்ஸில் போய்ப் பழகுவோமென்று ஒருநாள் தனியே வெளிக்கிட்டேன். அதே ஸ்காபரோவில் வோபர்ன் பகுதிக்குப் போகவேண்டியவள், எதிர்த்திசைப் பஸ்ஸில் ஏறிவிட்டேன். பக்கத்து இருக்கையில் இருந்த ஐயா ஒருவர் என் கையிலிருந்த விலாசத் துண்டைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"உது மற்றப் பக்கமல்லோ பிள்ளை. நீங்கள் ஊருக்குப் புதுசோ?"

"சுவிசில இருந்து வந்தனான் ஐயா."

"எந்தக் கன்ரோன்?" என்று மாநிலத்தைக் கேட்டார்.

"கிறவுபுண்டன்."

"அங்கயும் எங்கட சனம் இருக்கோ? நாலு பாசை கதைக்கிற நாடெண்டு சொல்லுவினம். சண்டையில்லாமல் எப்பிடி இருக்கினம்?"

பஸ் நின்றது. மற்றப் பக்கப் பஸ்ஸைப் பிடிக்க அவசரமாக இறங்கிவிட்டேன். பதில் சொல்ல நேரமிருந்தால், முன்பு நிறையச் சண்டை பிடித்தார்கள் என்றுதான் சொல்லியிருப்பேன்.

அந்த விலாசம், தர்சினி வேலை செய்கிற முதியோர் இல்லத்தினுடையது. "ஒரு ஆளைக் காட்டவேணும், நீங்களே வந்து பாருங்கோ" என்று சொல்லியிருந்தாள். யாரென்று எவ்வளவு கேட்டும் சொல்லவில்லை. பிந்திப்போய்ச் சேர்ந்த என்னை, இரண்டாம் மாடியில் ஒரு யன்னலோர அறைக்குக் கூட்டிப்போனாள். சக்கரநாற்காலியில் ஒல்லியான வெள்ளைக்காரி ஒருத்தி. தலைமுடியைப் பின்னி வட்டமாகச் சுற்றிக் கட்டியிருந்தாள். பெயர் நேசா. இல்லத்தில் வேலைசெய்கிற தமிழ்ப் பெண்களுக்கு அந்தப் பெயர் நன்றாகப் பிடித்துப்போய், எல்லோரும் 'நேசா அன்ரி' என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

நேசாவுக்கு மறதி நோய். அறுபது வருடத்துக்கு மேல் பேசிய ஆங்கிலம் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று விழுந்துவிட்டது. மிச்சமிருந்த பேச்சு யாருக்கும் விளங்கவில்லை. இத்தாலி மொழியென்று ஒரு இத்தாலிக்காரத் தாதியைக் கூட்டிவந்தார்கள். அவள் தனக்கும் விளங்கவில்லையென்று தலையாட்டிவிட்டாள். றொமேனியாவென்று ஒருவர் சொன்னாராம். தர்சினிதான் ஒருநாள் சாப்பாட்டுத் தட்டோடு கதவைத் திறந்தவள், அப்படியே நின்றுவிட்டாள்.

"முழுக்க விளங்கேல்லை அம்மா. ஆனா எங்கட பாசையெண்டு மட்டும் தெரிஞ்சுது. போனில சொன்னா நீங்கள் நம்பமாட்டியளெண்டு வைச்சிருந்தனான்."

எங்கட பாசை! றொமான்ஷை அவள் அப்படிச் சொல்லி எத்தனையோ வருடம். நான் நேசாவுக்கு முன்னால் குனிந்து, எங்கள் பள்ளத்தாக்கு வழக்கப்படி "பியன் டி" என்றேன். வணக்கம் என்று அர்த்தம்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். என் பொட்டையும் பார்த்தாள், என் நிறத்தையும் பார்த்தாள். எதுவும் அவளை நிறுத்தவில்லை. காதைத்தான் தீட்டினாள்.

"நீ மேல் றைன்காரி" என்றாள். "சாம்பல் கூட்டு ஆள். கத்தோலிக்கச்சி."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சூரிச்சுக்குப் போனால் இன்றைக்கும் "நீங்கள் உண்மையில் எந்த நாடு?" என்று கேட்பார்கள். என்னைப் பேச்சை வைத்தே பள்ளத்தாக்குக்காரியாகச் சேர்த்துக்கொண்டவர்களில் இவள்தான் முதல் ஆள். சேர்த்துக்கொண்ட கையோடு தள்ளியும் வைத்துவிட்டாள். ஏனென்றால் அவள் எங்கடின் பள்ளத்தாக்குக்காரி. கடவுள் இல்லக் கூட்டைச் சேர்ந்தவள். சீர்திருத்தச் சபைக்காரி.

இந்தக் கூட்டுகள் என்னவென்று சொல்லவேண்டும். சுவிஸ் என்று ஒரு நாடு இன்றைய வடிவில் உருவாகுமுன், எங்கள் மலைகள் எந்த அரசனுக்கும் முழுதாக உரியவையாக இருக்கவில்லை. இந்தச் சரிவு மடத்து அதிபருக்கு, அந்தச் சரிவு ஆயருக்கு, அதற்கப்பால் ஏதோவொரு பிரபுவுக்கு. இவர்களையெல்லாம் கட்டுப்படுத்த ஊர்ச் சனங்கள் மூன்று கூட்டுகளாகச் சேர்ந்தார்கள். சேர்ந்தும் ஒன்றாகவில்லை. பள்ளத்தாக்குக்கு ஒரு நீதிமன்றம், ஒரு தூக்குமரம், ஒரு அளவைப் படி, ஒரு பேச்சு. கத்தோலிக்கர் புதிய நாள்காட்டிக்கு மாறியபோது மற்றவர்கள் மாறவில்லை. கணவாயைக் கடந்து போனால் திகதி பின்னால் போய்விடும்; நத்தார் கொண்டாடிவிட்டு மலையேறி இறங்கியவனுக்கு அங்கே இன்னும் நத்தார் வந்திருக்காது. அன்றைக்கு ஐரோப்பாவின் பெரும்பகுதி இப்படித்தான் கிடந்தது. சின்னச் சின்னத் துண்டுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு மணியோசை.

அதைப் பொற்காலமென்று சொல்லமாட்டேன். துண்டுகளுக்குள் வெட்டுக்குத்து இருந்தது, பெண்களைச் சூனியக்காரிகளென்று எரித்தார்கள். ஆனாலும் ஒரு நாட்டுக்கு ஒரு மொழிதான் என்று சட்டம் வந்த தீவிலிருந்து ஓடிவந்தவள் நான். பக்கத்துப் பள்ளத்தாக்குக்காரன் பேசுவது பாதி விளங்காது, அதற்காக அவன் எங்களைப்போல் பேசவேண்டியதில்லை என்று விட்டுவைத்த சனங்களுக்கு நடுவில்தான் என் பிள்ளை வளர்ந்தாள். அந்த விட்டுவைத்தல்மேல் எனக்கொரு ஏக்கம். அது என்னவென்று அங்கே இருக்கும்போது தெரியவில்லை. ஸ்காபரோவில், அந்த யன்னலோரத்தில்தான் தெரிந்தது.

"நீங்கள் சுவிஸ்தானே?" என்று கேட்டேன்.

"சுவிஸோ? அது கீழே" என்றாள் நேசா, ஏதோ பக்கத்துச் சந்தையைக் காட்டுவதுபோல்.

மறுநாள் தர்சினியின் சமையலறையில் மலூன்ஸ் என்னும் எங்கள் மலைச் சாப்பாட்டைச் செய்தேன். அவித்த உருளைக்கிழங்கைத் துருவி, மாவில் பிசிறி, வெண்ணெயில் பொறுமையாகக் கிளறிக்கொண்டே இருந்தால் உதிரி உதிரியாக வரும். பார்த்தால் பிட்டுப் போலவே இருக்கும். பிரதீபன் அதற்கு மாசிச் சம்பல் போட்டுச் சாப்பிட்டுவிட்டு, "சோக்கா இருக்கு மாமி" என்றான். நேசாவுக்கு ஒரு டப்பாவில் கொண்டுபோனேன். ஒரு கரண்டி வாயில் வைத்தாள்.

"என்ன இது?"

"உருளைக்கிழங்கு" என்று எங்கள் சொல்லைச் சொன்னேன்: "த்ருஃபெல்."

"மைலின்தெர்ரா" என்று திருத்தினாள். மண்ணுக்குள் விளைகிற அப்பிள் என்பது அவர்களுடைய சொல். "இப்படிச் செய்து கெடுக்கக்கூடாது. அடுப்புக்குள் வைத்துச் சுடவேண்டும்." சொல்லிவிட்டு டப்பாவை முழுதாகத் தின்று முடித்தாள்.

அன்று திரும்பும்போது தர்சினி காரை எடுக்காமல், தரிப்பிடத்திலேயே கைகளை ஸ்ரியறிங்கில் வைத்தபடி இருந்தாள்.

"அம்மா, ஒரு பிழை நடந்திட்டுதோ எண்டு பயமாக் கிடக்கு."

நேசாவுக்கு ஒரு மகன், டேவிட். அறுபது வயதை அண்மித்தவர், வான்கூவரில் இருக்கிறார். அப்பா ஆங்கிலேயர் என்பதால் வீட்டில் ஆங்கிலம் மட்டும்தான். தாயின் மொழியில் அவருக்கு ஒரு சொல்லும் தெரியாது. தாய்க்கு ஆங்கிலம் போனபிறகு இரண்டு பேருக்கும் நடுவில் ஒன்றுமே மிஞ்சவில்லை. நேசா நாள்முழுக்கத் திரும்பத் திரும்ப "ஆ ச்சாசா, ஆ ச்சாசா" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். வீட்டுக்குப் போகவேண்டும் என்று அர்த்தம். தர்சினி அதை டேவிட்டிடம் சொல்லியிருக்கிறாள். அவர் உடனே அம்மாவை எங்கடினுக்குக் கூட்டிப்போக ஏற்பாடு செய்துவிட்டார், மே மாதத்தில். டொக்டர் யோசிக்கிறார். அந்த உடம்பு அவ்வளவு தூரப் பறப்பைத் தாங்குமோ தெரியாது.

"நான் வீடு எண்டுதான் சொன்னனான். எந்த வீடெண்டு நான் கேக்கவுமில்லை, கேட்டாலும் அவ சொல்லுறதில பாதிதான் எனக்கு விளங்கும். நாளைக்கு அவர் வாறார். நீங்கள் கேளுங்கோ அம்மா. உங்களுக்கு ரேடியோ கேட்டுப் பழக்கம்."

உண்மைதான். எங்கள் வானொலியில் ஐந்து பள்ளத்தாக்குப் பேச்சும் மாறி மாறி வரும். கிழங்கு உரித்துக்கொண்டே கேட்டுக் கேட்டு எங்கடின் பேச்சும் எனக்கு ஓரளவு பிடிபட்டிருந்தது.

டேவிட் உயரமானவர். வந்ததும் தாயின் நெற்றியில் முத்தமிட்டார். அவள் மரியாதையாகத் தலையசைத்தாள், அந்நியனுக்குச் செய்வதுபோல். அவர் அதற்குப் பழகிவிட்டவர் மாதிரித் தெரிந்தது. ஆனால் கதிரையைச் சற்றுத் தள்ளித்தான் போட்டார்.

நான் நேசாவின் பக்கத்தில் இருந்து கேட்டேன். "வீட்டுக்குப் போகவேண்டுமென்றாயே, கணவாய்க்கு அந்தப் பக்கமா? ஆற்றங்கரை ஊருக்கா?"

"அங்கே யார் இருக்கிறார்கள்?" என்றாள் எரிச்சலோடு. "எல்லோரும் செத்துப்போனார்கள்."

"பிறகு எந்த வீடு?"

அவள் சொல்லத் தொடங்கினாள். நான் எங்கடின் பேச்சைத் தமிழில் தர்சினிக்குச் சொன்னேன். தர்சினி ஆங்கிலத்தில் டேவிட்டுக்குச் சொன்னாள். சிவப்புச் செங்கல் வீடு. கையலம்பும் தொட்டிக்கு மேலே யன்னல், யன்னலுக்கு வெளியே ஒரு லைலக் செடி. அடுப்பின் ஒரு திருகி சரியாக நிற்காது, பிடித்துக்கொண்டே மூட்டவேண்டும். டேவிட் நிமிர்ந்தார்.

"பையன் பள்ளிக்கூடத்தால் வருகிற நேரம்" என்றாள் நேசா. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "கதவு பூட்டிக் கிடக்கும். அவனிடம் திறப்பு இல்லை. வெளியில் நின்று குளிரில் விறைப்பான். எனக்கு இன்க்ரெஷந்த்யூம் தாங்கமுடியவில்லை. என்னை விடுங்கள்."

அந்தச் சொல்லை நான் மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை. எங்கள் பக்கத்திலும் கிட்டத்தட்ட அதே சொல்தான், தர்சினிக்கும் அது தெரியும். ஊர் நினைப்பு, ஏக்கம், தவிப்பு எல்லாம் சேர்ந்த ஒன்று. அவள் அதை ஆங்கிலத்தில் சொல்லப் பார்த்தாள். ஒரு சொல்லும் பொருந்தாமல், "உங்களை நினைச்சுத்தான் தவிக்கிறா" என்று மட்டும் சொல்லிமுடித்தாள்.

டேவிட் எழுந்து யன்னலடிக்குப் போய், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். "அந்த வீடு இங்கேதான், வோபர்னில்" என்றார். "அப்பா போனபிறகு விற்றுவிட்டோம். காரில் பத்து நிமிடம்கூட இல்லை."

தாதியிடம் அனுமதி வாங்கிக்கொண்டு அன்று பின்னேரமே வெளிக்கிட்டோம். டேவிட் வாடகைக்கு எடுத்த காரின் டிக்கிக்குள் சக்கரநாற்காலி அடங்கவில்லை. டிக்கியைத் திறந்தபடியே விட்டு, என் சால்வையால் கட்டினோம். மழை வேறு. இத்தனை வருடம் இருந்த தெருவையே டேவிட் தவறவிட்டு இரண்டு தரம் சுற்றினார். பின்னிருக்கையில் நேசா என் கையை விடவேயில்லை.

செங்கல் வீடு அப்படியே இருந்தது. லைலக் செடி இல்லை. மணியை அடித்ததும் முக்காடு போட்ட ஒரு பெண் கதவைத் திறந்தாள். டேவிட் தடுமாறித் தடுமாறி ஆங்கிலத்தில் விளக்கினார். அவள் அவருக்குப் பின்னால் என்னைப் பார்த்தாள்.

"நீங்க தமிழா? அப்ப ஏன் மழைக்குள்ள நிக்கிறீங்க? உள்ளுக்கு வாங்க. உம்மாவ மெதுவா இறக்குங்க."

அவள் பெயர் றிஸ்வானா. கிழக்கிலங்கையில் காத்தான்குடிப் பக்கம். கணவர் குழாய் வேலை செய்பவர். நான் இரண்டு வரியில் விசயத்தைச் சொன்னேன். அவள் வேறெதுவும் கேட்கவில்லை. "அவங்கட ஊடுதானே இது. நாங்க இப்ப இரிக்கிறம், அவ்வளவுதான்" என்றாள்.

நேசாவைச் சமையலறைக்குள் தள்ளிக்கொண்டு போனோம். அடுப்பு புதியது. அலமாரிகள் மாறியிருந்தன. சுவரில் அரபு எழுத்தில் ஒரு வசனம் தொங்கியது. தொட்டியும் அதற்கு மேலேயிருந்த யன்னலும் மட்டும் பழைய இடத்திலேயே இருந்தன. நேசா ஒவ்வொன்றாகப் பார்த்தாள். முகத்தில் ஒன்றுமே தெரியவில்லை. அவ்வளவு தூரம் கூட்டிவந்து ஏமாற்றிவிட்டோமோ என்று தர்சினி என்னைப் பார்த்தாள். றிஸ்வானா குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து, ஒரு கிண்ணத்தில் வட்டிலப்பம் எடுத்துவந்தாள். தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் ஏலக்காயும் மணத்தன. நேசா கரண்டியை வாங்கித் தானே உண்ணத் தொடங்கினாள். என்ன சாப்பாடென்று கேட்கவில்லை, திருத்தவுமில்லை.

திரும்பிப் போய்க் காரைச் சரியாக நிறுத்திவிட்டு டேவிட் அப்போதுதான் உள்ளே வந்தார். அவசரத்தில் சப்பாத்தைக் கழற்றவில்லை. சமையலறை வாசலில் ஈரக் காலோடு நின்றார்.

நேசா கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தாள். அவருடைய காலைப் பார்த்தாள், பிறகு முகத்தை. ஆங்கிலத்தில், மிகச் சாதாரணமாக, தினமும் சொல்வதுபோல் சொன்னாள்:

"டேவிட், சப்பாத்து."

டேவிட் சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்து, ஒரு சப்பாத்தைக் கழற்றினார், மற்றதையும் கழற்றினார். கண்ணீர் நிலத்தில் விழுந்தது. காலுறையோடு வந்து தாயின் பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டு இருந்தார். அவள் கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தினாள். அதற்குப் பிறகு அவள் ஆங்கிலம் பேசவில்லை. ஆனால் 'ஆ ச்சாசா' என்றும் கேட்கவில்லை, அன்றைக்காவது.

மே மாதப் பயணத்தை டேவிட் கைவிட்டார். கொஞ்சக் காலம் இங்கேயே தங்கப்போவதாகச் சொன்னார். வெளிக்கிடும்போது றிஸ்வானா, "வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிஞ்சா நாங்க ஊட்டுல தான். கூட்டிட்டு வாங்க" என்று அவரிடம் சொல்லச்சொன்னாள். தர்சினி ஆங்கிலத்தில் சொன்னாள்.

நேசாவை இல்லத்தில் விட்டுவிட்டு நானும் தர்சினியும் அவளுடைய காரில் திரும்பினோம். வைப்பர் ஆடிக்கொண்டிருந்தது. வோபர்னைத் தாண்டியதும் அவள் பேசத் தொடங்கினாள். எங்கள் பள்ளத்தாக்கின் பேச்சில். தனக்கே தெரியாமல் மாறியிருக்கவேண்டும், நானும் சுட்டிக்காட்டவில்லை. பள்ளிக்கூடத்துச் சிநேகிதியைப் பற்றிக் கேட்டாள், பனியில் சறுக்கிக் கையை முறித்த சரிவைப் பற்றிச் சொன்னாள். சில சொற்கள் வராமல் தடுமாறினாள், நான் எடுத்துக்கொடுத்தேன். பிறகு சிவப்பு விளக்கில் காரை நிறுத்தினாள்.

"நீங்கள் திரும்பிப் போய்விடுவீர்கள்தானே?" என்றாள்.

"போவேன்."

அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"போங்கள் அம்மா. இங்கே நிற்கச்சொல்லி இனிக் கேட்கமாட்டேன். நீங்களும் இங்கே வந்துவிட்டால், அங்கே எனக்குக் கதவைத் திறக்க யாரும் இருக்கமாட்டார்கள்."

நான் முன்னால் தெரிந்த நனைந்த தெருவையே பார்த்துக்கொண்டிருந்தேன். ரூஜ் இன்னும் கொஞ்சம் தூரத்தில் இருந்திருக்கக்கூடாதா என்று இருந்தது. கார் வீட்டுக்கு முன்னால் நின்றதும் பிரதீபன் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தான்.

"எங்க போனனீங்கள் இவ்வளவு நேரமா? சாப்பிட்டாச்சோ மாமி?"

"இல்லையப்பா, இனித்தான்" என்று தர்சினி தமிழில் பதில் சொல்லிக்கொண்டு இறங்கிப் போனாள். நான் பெல்ற்றைக் கழற்றாமல் காருக்குள்ளேயே சற்றுநேரம் இருந்தேன்.